பாலுக்குள் புகும் நியூட்ரான்

1877-ஆம் ஆண்டு பேராக் மாநிலத்தின் கோலகங்சாரில் இரப்பர் கன்றுகள் நடப்பட்டன. பின்னர் ஈப்போ வட்டாரத்திலும் இரப்பர்த் தோட்டங்கள் பெருகின. அவற்றுள் பல இன்று செம்பனைத் தோட்டங்களாகிவிட்டன. எனினும், மரம் சீவிய நம் முன்னோர் கைப்பழக்கத்தால் அறிந்த ஓர் உண்மையை இன்றைய அறிவியலும் ஆராய்கிறது.

அஃது என்ன? இரப்பர்ப் பாலில் பார்மிக் அமிலம் சேர்த்தால் அது உறைந்து கட்டியாகும். பசும்பாலில் எலுமிச்சைச் சாறு பிழிந்தாலும் பால் திரியும். இரண்டிலும் நுண்துகள்கள் மிதக்கின்றன. இரப்பர்த் துகளைப் புரதமும் கொழுப்பும் போர்த்தியிருக்கின்றன. பசும்பாலில் கேசின் என்னும் புரதமே துகளாகத் திரண்டிருக்கிறது. ஒரே வகை மின்னூட்டம் பெற்றிருப்பதால் துகள்கள் ஒன்றையொன்று விலக்கும். அமிலம் அவ்விலக்கத்தைக் குறைக்கவே அவை ஒன்றுசேர்கின்றன.

ஒரு மில்லிமீட்டரைப் பத்தாயிரம் பங்காக்கினால், ஓரிரு பங்கே கேசின் துகளின் அளவு. அதனைச் சிதைக்காமல் உள்ளமைப்பை அறிவது எவ்வாறு?

1932-இல் ஜேம்ஸ் சாட்விக் கண்டறிந்த நியூட்ரான் இங்கே துணைபுரிகிறது. மின்னூட்டமற்ற அது பொருளை ஊடுருவி, அணுக்கருக்களால் சிதறடிக்கப்படும். சிதறும் கோணங்களை அளந்து உள்ளமைப்பைக் கணிக்கலாம். சாதாரண நீரும் கனநீரும் நியூட்ரானை வெவ்வேறு விதமாகச் சிதறடிக்கும். கலவையில் கனநீர் சுமார் 40 விழுக்காடு இருப்பின், புரதம் நீரிலிருந்து வேறுபட்டுத் தெரியாது. அப்போது அதனுடன் சேர்ந்துள்ள பிற பொருள்களைத் தனித்து ஆராயலாம்.

கேசின் துகளுக்குள் கால்சியம் பாஸ்பேட்டும் உண்டு. நம் எலும்புக்கு உறுதி தருவதும் அவ்வினத்தைச் சேர்ந்த தாதுவே. அதனைச் செயற்கையாகச் செய்து, உயிர்ப்பீங்கான் என்னும் பெயரில் எலும்புக் குறையை நிரப்ப மருத்துவர்கள் பயன்படுத்துகின்றனர். அதன் நுண்துளைகளையும் நியூட்ரான் கொண்டு ஆராயலாம்.

இத்துறை நமக்கு எட்டாதது அன்று. 1931-இல் திருவனந்தபுரத்தில் பிறந்த பி. கே. ஐயங்கார், மும்பையிலுள்ள டிராம்பேயில் நியூட்ரான் சிதறல் ஆய்வை வளர்த்தார். மலேசியாவின் புஸ்பாத்தி ஆய்வு அணு உலை, 1982 ஜூன் 28-ஆம் நாள் சிலாங்கூரில் இயங்கத் தொடங்கியது. நியூட்ரான் சிதறல் கருவி அங்கும் அமைக்கப்பட்டது.

பெற்றோர்களே! பாலுக்கு எவ்வளவு அமிலம் வேண்டும், அது எப்போது உறையும் என்பதைக் கண்ணால் பார்த்தே சொல்ல வல்லவர்கள் உங்களுள் உண்டு. அதனைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். மாணவர்களே! நீங்கள் கேட்கத் தவறினால் அவ்வறிவு அவர்களோடு மறைந்துபோகும். 'எப்படி' என்பதை அவர்களிடம் கேட்போம். 'ஏன்' என்பதைப் பள்ளியில் பயில்வோம்.