காலர் வாங்குமுன் மருமகனுக்கு

அன்புள்ள மருமகனுக்கு,

நாய் இருக்கும் இடத்தைக் காட்டும் காலர்கள் என்று நீ அனுப்பிய மூன்றின் படங்களையும் விலைகளையும் நிதானமாகப் பார்த்தேன். "எது நல்லது மாமா, ஒரே வார்த்தையில் சொல்லுங்கள்" என்று கேட்டிருக்கிறாய். காலரின் பெயரை மட்டும் சொல்லி முடிக்க எனக்கு மனம் வரவில்லை. ஆஷ்வில் மலைப்பக்கம் குடிபோய், ட்ரீயிங் வாக்கர் வேட்டைநாய்க் குட்டி ஒன்றை வளர்த்து, அக்டோபரில் ரக்கூன் வேட்டைப் பருவம் தொடங்கியதும் அக்கம்பக்கத்தாரோடு இரவில் காட்டுக்குப் போகப்போகிறாய். அந்தக் காட்டையும் அந்த நாயையும் முன்னால் வைத்துத்தான் காலரைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

மூன்றில் ஒன்று செல்போன் டவரை நம்பி ஓடுவது. அதை முதலிலேயே தள்ளிவிடு. ஊருக்குள் வேலி தாண்டி ஓடும் நாய்க்கு அது போதும். மாதச் சந்தா கட்டிக்கொண்டு நிம்மதியாக இருக்கலாம். உன் மலைக்கு அது ஆகாது. செயற்கைக்கோள் செய்வதெல்லாம் காலர் இருக்கும் இடத்தைக் காலருக்கே தெரிவிப்பதுதான். அந்தச் செய்தி உன் கைக்கு வந்து சேர இன்னொரு வழி வேண்டும். பள்ளத்தாக்கில் இறங்கினால் உன் போனில் ஒரு கோடு சிக்னல்கூட இருப்பதில்லை என்று நீயே சொல்லியிருக்கிறாய். 2024 செப்டம்பர் கடைசியில் ஹெலீன் புயல் அந்த மலைகளை அடித்துப் போட்டபோது டவர்கள் நாள்கணக்கில் ஊமையாகக் கிடந்தன. நாய் தொலைவதும் பெரும்பாலும் சிக்னல் இல்லாத இடத்தில்தான்.

ஆகவே சொந்த ரேடியோ அலையில் பேசும் காலரே உனக்கு வேண்டும். கார்மின் ஆல்ஃபா, டாக்ட்ரா பாத்ஃபைண்டர் எல்லாம் இந்த வகை. அமெரிக்காவில் கார்மின் காலர்கள் மர்ஸ் எனப்படும் ஐந்து சேனல்களில் பேசுகின்றன, 151.82 முதல் 154.60 மெகாஹெர்ட்ஸ் வரை, அதிகபட்சம் 2 வாட் சக்தி. உரிமம் எதுவும் எடுக்க வேண்டியதில்லை, மாதச் சந்தாவும் இல்லை. டவர் விழுந்தாலும் இது வேலை செய்யும்.

பெட்டியில் 9 மைல் என்று அச்சிட்டிருப்பார்கள். அது பொய்யில்லை. ஆனால் உன் கையிலிருக்கும் ஆன்டெனாவுக்கும் நாயின் கழுத்திலிருக்கும் ஆன்டெனாவுக்கும் நடுவே எதுவும் மறைக்காதபோது கிடைக்கும் தூரம் அது. தெற்கு டகோட்டாவின் புல்வெளியில் ஃபெசன்ட் வேட்டைக்குப் போகிறவனுக்கு அதில் பெரும்பகுதி கிடைக்கலாம். உனக்கும் நாய்க்கும் நடுவே ஒரு மலைமுகடு வந்தால் ஒரு மைலுக்குள்ளேயே கைக்கருவியின் திரையில் கேள்விக்குறி விழும். அந்தக் கணக்கோடு வாங்கு. இரண்டு நிறுவனங்களின் மைல் கணக்கை ஒப்பிட்டு மூளையைக் குழப்பிக்கொள்ளாதே. ஆன்டெனாவைப் பார். 150 மெகாஹெர்ட்ஸ் அலையின் கால்பங்கு நீளம் ஏறத்தாழ அரை மீட்டர் வரும். அதற்குக் குட்டையாக ஆக ஆக அது அனுப்பும் சக்தி குறையும். அழகுக்காகவோ நாய்க்கு இடைஞ்சல் என்றோ குட்டை ஆன்டெனாவை மாட்டாதே. முட்புதரில் உரசி அது மடங்கும், உள்கம்பி முறியும். வெளியே பார்த்தால் தெரியாது. உபரியாக ஒன்று பையில் எப்போதும் இருக்கட்டும். சிக்னல் போனால் பள்ளத்தில் நின்று பொத்தானை அழுத்திக்கொண்டிருக்காமல் முகட்டுக்கு ஏறு. திரையில் நாயைக் காட்டும் புள்ளி அநேகமாகத் திரும்ப வந்துவிடும்.

நாங்கள் தொடங்கிய காலத்தில் வரைபடம் கிடையாது. நாயின் கழுத்தில் பீப் பீப் என்று துடிக்கும் ரேடியோ பட்டை. எங்கள் கையில் மீன்முள் போன்ற யாகி ஆன்டெனா. நாலு திசையும் திருப்பி, எந்தப் பக்கம் ஒலி தடிக்கிறதோ அந்தப் பக்கம் நடக்க வேண்டும். தூரம் தெரியாது. 2000 மே மாதத்தில் அமெரிக்க அரசு பொதுமக்களின் ஜிபிஎஸ்ஸில் வேண்டுமென்றே கலந்துவைத்திருந்த பிழையை நீக்கியது. நூறு மீட்டர்வரை தவறிக்கொண்டிருந்த கணக்கு அதன்பிறகு பத்து, இருபது மீட்டருக்குள் வந்தது. நாயின் கழுத்தில் ஜிபிஎஸ் கட்டுவதற்கு அர்த்தம் வந்ததே அப்போதுதான். ஆனாலும் பழைய பீப் பட்டையை இன்றும் விடாமல் வைத்திருக்கும் கிழவர்கள் உன் மலையில் இருப்பார்கள். அவர்களோடு ஒருமுறை நட. திரையைப் பார்க்காமல் குரைப்பின் குரலை வைத்தே நாய் தேடிக்கொண்டிருக்கிறதா, ரக்கூனை மரத்தில் ஏற்றிவிட்டு அடியில் நிலைகொண்டுவிட்டதா என்று சொல்வார்கள். அந்தக் காது உனக்கும் வர வேண்டும்.

இனி நான் மிகவும் கவலைப்படும் விஷயத்துக்கு வருகிறேன். நீ அனுப்பியவற்றில் இரண்டு காலர்கள் இடத்தையும் காட்டும், மின்னதிர்ச்சியும் கொடுக்கும். பயிற்சிக் காலரில் பெயர்பெற்ற ட்ரை-ட்ரானிக்ஸ் நிறுவனத்தை 2011-இல் கார்மின் வாங்கியது. வரைபடமும் அதிர்ச்சிப் பொத்தானும் ஒரே கைக்கருவிக்குள் வந்து சேர்ந்தது அதன் பிறகு. வசதிதான். ஆனால் உன் குட்டிக்கு இன்னும் ஒரு வயது ஆகவில்லை. உனக்கும் இது முதல் நாய். திரையில் நீ பார்ப்பது ஒரு புள்ளியை மட்டும். அந்தப் புள்ளி மானைத் துரத்துகிறதா, ரக்கூனை மரத்தில் ஏற்றிவிட்டுச் சரியான வேலையைச் செய்துகொண்டு நிற்கிறதா, முள்கம்பியில் சிக்கித் தவிக்கிறதா என்று அரை மைல் தூரத்திலிருந்து உனக்குத் தெரியாது. சரியான வேலையைச் செய்த நொடியில் கழுத்தில் வலி வந்தால், அந்த வலியை அது மரத்தோடு சேர்த்துத்தான் நினைவில் வைக்கும். அப்படிக் கெட்டுப்போன நல்ல நாய்களைப் பார்த்திருக்கிறேன். கண்ணால் பார்க்க முடியாத நாய்மீது அந்தப் பொத்தானை அழுத்தக் கூடாது. வேல்ஸ் 2010-லேயே அதிர்ச்சிக் காலரைத் தடை செய்துவிட்டது. உன் மாநிலத்தில் தடை இல்லை என்பதற்காக அது உனக்கு இப்போதே வேண்டும் என்றாகாது.

இடத்தை மட்டும் காட்டும் காலரும் கார்மினிடம் உண்டு. அதே கைக்கருவியோடு பேசும். முதல் இரண்டு பருவங்களுக்கு அதுவே போதும். கூப்பிட்டால் வருவதை வீட்டு முற்றத்தில் விசிலாலும் இறைச்சித் துண்டாலும் பழக்கு. மானைத் தொடாமல் இருக்கப் பழக்குவதற்கு அனுபவமுள்ள ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டிய நாள் வரும், அப்போது யோசிப்போம்.

போனையே திரையாக வைத்துக்கொள்ளும் முறை விலையில் குறைவு, படமும் பெரிது. பாத்ஃபைண்டர் அப்படித்தான். வரைபடத்தை முன்பே இறக்கிக்கொண்டால் டவர் தேவையில்லை. பகலில், திறந்த வெளியில் அதைக் குறை சொல்ல மாட்டேன். ஜனவரி இரவில், கையுறையோடு, மழையில், குளிருக்குச் சார்ஜ் இறங்கிக்கொண்டிருக்கும் போனை நம்பி நீ மலையில் நிற்பதை நான் விரும்பவில்லை. வழுக்கி விழுந்து காலை முறித்துக்கொண்டால் உதவிக்கு அழைக்க மிச்சமிருப்பதும் அந்தப் போன்தான். பொத்தான்கள் உள்ள தனிக் கைக்கருவியாகவே வாங்கு.

வரைபடத்தில் நில எல்லைகள் தெரிகின்றனவா என்று கடையிலேயே போட்டுக் காட்டச் சொல். இதை யாரும் முதலில் கேட்பதில்லை. உன் பக்கத்தில் கிரேட் ஸ்மோக்கி மலைத் தேசியப் பூங்கா இருக்கிறது. ப்ளூ ரிட்ஜ் பார்க்வே நெடுக ஓடுகிறது. இரண்டிலும் வேட்டை கிடையாது. நாய்க்கு எல்லைக்கல் தெரியாது, உனக்குத் தெரிந்தாக வேண்டும். நாய் எல்லையை நோக்கிப் போகிறது என்று ஐந்து நிமிடம் முன்பே தெரிந்தால் சுற்றிப் போய் மறித்துவிடலாம். தனியார் நிலமும் அப்படியே. வட கரோலைனாவில் 2011 முதல் மரத்தில் ஊதா வண்ணம் பூசியிருந்தால் அது ‘அனுமதியின்றி நுழையாதே’ என்று பலகை வைத்ததற்குச் சமம். எழுத்துமூலமான அனுமதி இல்லாமல் அங்கே வேட்டையாடுவது குற்றம். சுற்றியுள்ள நிலக்காரர்களின் எண்களைப் பருவம் தொடங்குமுன்பே வாங்கி வைத்துக்கொள். நாய் அவர்கள் நிலத்துக்குள் போனால் முதலில் போன் செய். அவர் வரச் சொன்னால் துப்பாக்கியை வண்டியில் பூட்டிவிட்டு வெறுங்கையோடு போ. அவர்களின் நல்லெண்ணம் இல்லாவிட்டால் எந்தக் காலரும் உன் நாயை மீட்டுத் தராது.

பேட்டரி பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். காலர் எத்தனை விநாடிக்கு ஒருமுறை இடத்தைச் சொல்கிறது என்பதை நீயே மாற்றலாம். மணிக்கு 30 கிலோமீட்டரில் ஓடும் நாய் இரண்டரை விநாடியில் இருபது மீட்டர் நகரும்; இரண்டு நிமிடத்தில் ஒரு கிலோமீட்டர் போய்விடும். சாலை அருகே என்றால் வேகமான கணக்கு. நடுக்காட்டில் பத்து விநாடி போதும், பேட்டரியும் விடியும்வரை தாங்கும். பேட்டரி கால்பங்குக்கு இறங்கியதும் தானாகவே இரண்டு நிமிடக் கணக்குக்கு மாறும் வசதி கார்மினில் இருக்கிறது. அதை அணைத்து வைக்காதே.

வீடு வந்ததும் காலரைக் கழற்றிவிடு. ஈரம் படிந்த பட்டை இரவெல்லாம் கிடந்தால் கழுத்து புண்ணாகும்.

அந்த ஊரில் நீ யாரோடு போகப்போகிறாயோ அவர்கள் எந்த நிறுவனத்துக் காலர் வைத்திருக்கிறார்கள் என்று கேள். கார்மினும் டாக்ட்ராவும் ஒன்றோடொன்று பேசாது. ஒரே வகையாக இருந்தால் உன் நாய் அவர்கள் திரையிலும் தெரியும். முகட்டுக்கு அந்தப் பக்கம் நிற்பவர் உனக்கு வழி சொல்வார். என்னைப் பொறுத்தவரை விலையையும் மாடலையும்விட இதுதான் பெரிது. பழைய காலர் வாங்கினாலும் தவறில்லை. ஆனால் அதன் குறியீட்டு எண்களை மாற்றிக்கொள். இல்லாவிட்டால் விற்றவனின் கருவியிலும் உன் நாய் தெரிந்துகொண்டிருக்கும்.

இன்னொரு சாதாரணப் பட்டையில் உன் போன் எண் பொறித்த பித்தளைத் தகடு கட்டாயம் இருக்கட்டும். மைக்ரோசிப்பும் போட்டுவிடு. பிறர் நாயின் மின்னணுக் காலரைக் கழற்றி எறிவது வட கரோலைனாவில் சட்டப்படி குற்றம். ஆனால் திருடுகிறவன் சட்டத்தைப் பார்க்கப்போவதில்லை.

ஆக என் தீர்ப்பு இது: நண்பர்கள் வைத்திருப்பதும் கார்மின்தான் என்றால் ஆல்ஃபா கைக்கருவி, இடம்காட்டும் காலர் மட்டும், நீள ஆன்டெனா, உபரி பேட்டரி. அவர்கள் வேறு வைத்திருந்தால் அதையே நீயும் வாங்கு.

கடைசியாக ஒன்று. சிப்பிப்பாறை நாய் வளர்க்கும் நம் ஊர்ப் பையன்கள் இப்படி ஒன்று வாங்கிவரச் சொல்லி உன்னைக் கேட்டிருப்பதாக உன் அம்மா சொன்னாள். இந்தியாவின் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி முயல் வேட்டையும் குற்றம். இந்தக் கருவி பேசும் அலைவரிசையும் இந்தியாவில் உரிமமின்றிப் பயன்படுத்தக்கூடியது அல்ல. பெயரின் கடைசியில் ஐ என்ற எழுத்து வரும் ஆல்ஃபா மாடல்களில் செயற்கைக்கோள் வழியே செய்தி அனுப்பும் இன்ரீச் வசதி இருக்கிறது. அனுமதியில்லாமல் அதைக் கொண்டுவந்த வெளிநாட்டுப் பயணிகளை நம் விமான நிலையங்களில் பிடித்து வழக்குப் போட்டிருக்கிறார்கள். டிசம்பரில் ஊருக்கு வரும்போது அதைப் பெட்டியில் வைத்துவிடாதே. கேட்ட பையன்களுக்கு நானே போன் செய்து விளக்கிக்கொள்கிறேன்.

அன்புடன்,
உன் தாய்மாமன்