வேலைக் கணக்கும் பலன் கணக்கும்
(மண் பாதுகாப்பு இலாகா ஒன்று தன்னைத் தானே சோதித்துக்கொண்ட வரலாறு)

பொதுஜன க்ஷேமத்தின் பொருட்டு ஏற்பட்ட ஒவ்வோர் இலாகாவும் ஆண்டுதோறும் ஓர் அறிக்கை வெளியிடுவது வழக்கம். எத்தனை மைல் வரப்புப் போடப்பட்டது, எத்தனை கூட்டங்கள் நடைபெற்றன, எவ்வளவு பணம் செலவாயிற்று என்பனவெல்லாம் அதில் காணப்படும். இவை வேலையின் கணக்கு. இவ்வளவும் நடந்த பின்னர் நிலத்தின் நிலைமை முன்னைக்காட்டிலும் சீர்பட்டதா என்பது வேறு கேள்வி. அதுவே பலனின் கணக்கு. முதற் கணக்கேடு நிறைந்திருக்கையில் இரண்டாவது ஏடு வெறுமையாய் இருத்தலும் கூடும். இவ்வுண்மையை விளக்குதற்கு அமெரிக்க ஐக்கிய நாடுகளின் மண் பாதுகாப்பு இலாகாவின் வரலாறு தக்க உதாரணமாகும். கிராம ஊழியர்களும் பஞ்சாயத்து அங்கத்தினர்களும் இதனை அறிந்துகொள்ளுதல் நலம்.

1. இலாகா தோன்றிய விதம்

ஹ்யூ ஹாமண்ட் பென்னெட் என்பவர் அந்நாட்டு விவசாய இலாகாவில் மண் ஆராய்ச்சி செய்துவந்த உத்தியோகஸ்தர். மண் அரிப்பு தேசத்திற்கே பெரும் அபாயம் என்று 1928-இல் அவர் ஒரு பிரசுரத்தின் வாயிலாக எச்சரித்தார். 1933-இல் மண் அரிப்புத் தடுப்பு வேலைக்கென ஓர் இலாகா அவர் தலைமையில் ஏற்பட்டது. அக்காலத்தில் மழை பொய்த்து, பெரும் சமவெளிப் பிரதேசத்தில் உழுத மண் புழுதிப் புயலாய் எழுந்து ஆயிரக்கணக்கான மைல் பரந்தது. 1935 ஏப்ரல் 27-ஆம் தேதி சட்டம் நிறைவேறி, மண் பாதுகாப்பு இலாகா விவசாய இலாகாவின் நிலையான அங்கமாயிற்று.

இவ்விலாகாவின் உத்தியோகஸ்தர்கள் குடியானவரை வற்புறுத்தும் அதிகாரம் பெற்றவரல்லர். 1937 முதல் ஆங்காங்கே குடியானவர்களே மண் பாதுகாப்பு வட்டங்களை அமைத்துக்கொண்டனர். உதவி வேண்டுமென்று கேட்டவர்களுக்கு, உத்தியோகஸ்தர்கள் நிலத்தைப் பார்வையிட்டுச் சமமட்ட உழவு, பட்டைப் பயிர், வரப்பு, புல்வெளி ஆகியவற்றுக்குத் திட்டம் வகுத்துக் கொடுத்தனர். இம்முறையால் இலாகாவுக்கு மக்களிடையே நற்பெயர் உண்டாயிற்று. பின்னர் நேர்ந்த குறைபாட்டிற்கு வித்தும் இதனுள்ளேயே இருந்தது.

2. தொடக்க நிலையைக் குறித்துவைத்தல்

விஸ்கான்ஸின் மாகாணத்தில் கூன் கிரீக் என்னும் ஓடையின் பள்ளத்தாக்கில் 1933-இல் முதல் மாதிரித் திட்டம் தொடங்கிற்று. ஏறத்தாழ 90,000 ஏக்கர் பரப்புள்ள அவ்விடத்தில் சரிவுகளை நேர்கீழாக உழுததனால் மண் கரைந்து, பள்ளத்தாக்கின் அடியில் வண்டலாய்ப் படிந்துகொண்டிருந்தது. திட்டம் நடந்துகொண்டிருந்த அப்பத்தாண்டின் இறுதியிலேயே, பள்ளத்தாக்கின் குறுக்கே கோடுகள் வகுத்து, அக்கோடுகளில் தரையின் மட்டம் எவ்வளவு என்று அளந்து குறித்துவைத்தனர்.

அக்குறிப்பின் பயன் பல ஆண்டுகள் கழித்தே விளங்கிற்று. ஸ்டான்லி டிரிம்பிள் என்னும் பூகோள சாஸ்திர நிபுணர் அதே கோடுகளில் மீண்டும் அளந்து பார்த்தார். 1975 முதல் 1993 வரையில் வண்டல் படிந்த வேகம், 1930-களின் வேகத்தில் சுமார் 6 சதவீதமே என்று அவர் 1999-இல் வெளியிட்டார். முதல் அளவு இல்லாதிருப்பின், “மண் அரிப்புக் குறைந்தது” என்பது வெறும் நம்பிக்கையாகவே நின்றிருக்கும்.

மற்றொரு நுட்பமும் இவ்வாராய்ச்சியில் வெளிப்பட்டது. கூன் கிரீக் மிஸிஸிப்பி நதிக்குக் கொண்டு சேர்த்த மண்ணின் அளவு நெடுங்காலமாகப் பெரிதும் மாறவில்லை. பழைய மண் பள்ளத்தாக்கில் தேங்கி நின்று, மெல்ல மெல்ல வெளியேறிக்கொண்டிருந்ததே இதன் காரணம். ஓடையின் வாயில் மாத்திரம் அளந்தவர் திட்டத்தால் யாதொரு பயனுமில்லை என்று சொல்லியிருப்பர். ஆகவே எதை அளப்பது என்பதைப் போலவே எங்கே அளப்பது என்பதும் முக்கியம்.

3. வேலைக் கணக்கு மறைத்த குறை

நாளடைவில் இலாகா நாடெங்கும் பரவிற்று. திட்டம் பெற்ற குடியானவர் எத்தனை பேர், வேலை நடந்த ஏக்கர் எத்தனை என்ற எண்கள் ஆண்டுதோறும் பெருகின. மண் எவ்வளவு மிஞ்சியது என்பதற்கு அவ்வெண்கள் விடை தரவில்லை.

1977 பிப்ரவரியில் அந்நாட்டுச் சட்டசபையின் சார்பில் கணக்குத் தணிக்கை செய்யும் அலுவலகம் ஓர் அறிக்கை வெளியிட்டது. யாதொரு பாரபட்சமுமின்றி, சீட்டெடுப்பது போலத் தேர்ந்தெடுத்த 283 பண்ணைகளைத் தணிக்கையாளர் நேரிற் சென்று பார்த்தனர். அவற்றுள் 84 சதவீதம் பண்ணைகளில் ஏக்கருக்கு ஆண்டொன்றுக்கு 5 டன்னுக்கு மேல் மண் போய்க்கொண்டிருந்தது என்று மதிப்பிட்டனர். ஆழ்ந்த நல்ல மண்ணுங்கூட ஆண்டுக்கு 5 டன் இழப்பையே தாங்குமென்பது அந்நாட்டு நிபுணர் வைத்திருந்த வரம்பு. இலாகா வகுத்துக் கொடுத்த திட்டங்கள் பல, தாளிலேயே நின்றிருந்தமையும் தெரியவந்தது.

இந்நஷ்டம் உழுபவனுடைய கண்ணுக்கு ஏன் புலப்படவில்லை என்று கேட்கலாம். ஓர் ஏக்கரில் ஓர் அங்குல கனமுள்ள மண் சுமார் 150 டன் எடையுள்ளது. ஆண்டுக்கு 5 டன் வீதம் போனால் ஓர் அங்குலம் கரைவதற்கு 30 ஆண்டு செல்லும். அத்துணை மெல்லிய நஷ்டத்தை அளவுகோலின்றி ஒருவரும் அறிய முடியாது. அறியும்போதோ, மகன் காலத்து மண் போயிருக்கும்.

சில ஆண்டுகளுக்குள் விவசாய இலாகா தானே ஒரு சோதனை நடத்தியது. குடியானவர்க்குச் செலவில் பங்கு கொடுத்து நடத்திவந்த பாதுகாப்பு வேலைகள் எத்தகைய நிலங்களில் நடந்தன என்று ஆராய்ந்தது. அரிப்புத் தடுப்பு வேலைகளிற் பாதிக்கு மேற்பட்டவை, ஏக்கருக்கு 5 டன்னுக்கும் குறைவாகவே மண் இழந்துவந்த நிலங்களில் நடந்திருக்கக் கண்டனர். கேட்டவர்க்கே உதவி என்னும் முறையின் விளைவு இது. நல்ல நிலமும் ஊக்கமும் உடையவர் முன்வந்து கேட்டனர். மோசமான சரிவில் உழுதவர் கேட்கவில்லை. ஒருவரும் பணத்தைக் களவாடவில்லை, ஒருவரும் சோம்பியிருக்கவுமில்லை. எனினும் மருந்து நோயில்லாத இடத்திற் பூசப்பட்டது.

4. மண்ணையே அளக்கும் ஏற்பாடு

1977-ஆம் ஆண்டிலேயே மண், நீர் வளங்களின் நிலையைக் காலந்தோறும் மதிப்பிட்டு அறிக்கை தரவேண்டுமென்று சட்டம் இயற்றப்பட்டது. அவ்வாண்டிலேயே தேசிய வளக் கணக்கெடுப்பும் தொடங்கிற்று. நாடு முழுவதையும் அளப்பது இயலாததாகையால், புள்ளிவிவர சாஸ்திர முறைப்படி மாதிரி இடங்களைத் தேர்ந்தெடுத்தனர். ஐயோவா ஸ்டேட் சர்வகலாசாலையின் புள்ளிவிவர நிபுணர்கள் இதற்குத் துணை நின்றனர். 1990-களில் இவ்விடங்கள் ஏறத்தாழ 8,00,000 ஆகப் பெருகியிருந்தன. குறித்த இடங்களுக்கே திரும்பத் திரும்பச் சென்று பார்த்தமையால், நல்ல இடத்தை மாத்திரம் காட்டி மதிப்பெண் பெறுதற்கு வழியில்லாமற் போயிற்று.

இக்கணக்கின்படி சாகுபடி நிலங்களிலிருந்து நீராலும் காற்றாலும் அரிக்கப்பட்ட மண் 1982-இல் சுமார் 306 கோடி டன். 2007-இல் சுமார் 173 கோடி டன். அதாவது 43 சதவீதம் குறைந்தது. நஷ்டம் பெருமளவு தணிந்ததையும், இன்னும் பெருமளவு மிஞ்சியிருந்ததையும் இவ்வொரே கணக்கு ஒருங்கே காட்டியது.

5. நண்பனே பரிசோதகனாதல்

1985-ஆம் ஆண்டுச் சட்டம் ஒரு புதிய கடமையை விதித்தது. எளிதில் அரிக்கப்படும் நிலத்தைப் பாதுகாப்புத் திட்டமின்றி உழுபவருக்குச் சர்க்கார் உதவித்தொகை கிடையாது என்பது அதன் சாரம். திட்டங்கள் 1995-க்குள் முற்றிலும் நிறைவேற வேண்டுமென்றும் தவணை குறிக்கப்பட்டது. ஆண்டுதோறும் சில நிலங்களைத் தேர்ந்தெடுத்துச் சோதிக்கும் பொறுப்பு மண் பாதுகாப்பு உத்தியோகஸ்தர்களையே சார்ந்தது. இவ்விலாகா 1994-இல் இயற்கை வளப் பாதுகாப்பு இலாகா எனப் பெயர் மாறியது.

2003-இல் முற்கூறிய தணிக்கை அலுவலகம் இந்தச் சோதனைகளையே சோதித்தது. கிளை அலுவலகங்களுள் ஏறத்தாழப் பாதி, விதிப்படி சோதனை நடத்தவில்லை என்று கண்டது. ஆட்கள் போதாமை ஒரு காரணம். குடியானவர் மீது குற்றம் எழுதுவதில் உத்தியோகஸ்தர்களுக்கு இருந்த தயக்கம் மற்றொரு காரணம்.

இத்தயக்கத்தைக் கோழைத்தனமென்று தள்ளிவிடலாகாது. இன்று குறைகூறி எழுதப்பட்ட குடியானவன் நாளை ஆலோசனை கேட்க வரமாட்டான் என்பது ஊழியனுக்குத் தெரியும். அவன் நம்பிக்கையே ஊழியனுடைய முதல். ஆகையால் உதவுவோனும் தீர்ப்பளிப்போனும் ஒருவனாயிருத்தல் இருவருக்கும் கேடு. அடுத்த வட்டாரத்து ஊழியன் வந்து பார்த்தல், இலாகாவுக்குள்ளேயே மேற்பார்வைக்கெனத் தனிப் பிரிவு வைத்தல், வெளித் தணிக்கையாளரை அனுமதித்தல் ஆகியவை இதற்குப் பரிகாரங்கள்.

6. பலனை மதிப்பிடுதல்

2003-இல் பாதுகாப்பு முறைகளின் பலனை மதிப்பிடுதற்கென்றே ஒரு தனி முயற்சி ஆரம்பமாயிற்று. மேல் மிஸிஸிப்பி நதிப் பிரதேசத்தைப் பற்றி 2010-இல் வெளிவந்த அதன் அறிக்கை, குடியானவர் கைக்கொண்ட முறைகளால் வயலிலிருந்து அடித்துச்செல்லப்படும் மண் 69 சதவீதம் குறைந்ததாகக் கணக்கிட்டது. ஆனால் நிலத்தின் அடிவழியே கரைந்தோடும் நைட்ரஜன் 5 சதவீதமே குறைந்ததென்றும் அதே அறிக்கை ஒப்புக்கொண்டது. மேல்நீரைத் தடுக்கும் வரப்பு அடிநீரைத் தடுக்காது. அதற்கு உரமிடும் அளவிலும் காலத்திலும் சீர்திருத்தம் வேண்டும். வெற்றியை மாத்திரம் எழுதியிருப்பின் அடுத்து என்ன செய்வதென்பது தெரிந்திராது.

7. இதனின்று கொள்ளத்தக்கவை

(அ) வேலை தொடங்கும் முன்னரே நிலைமையை அளந்து, இடத்தையும் தேதியையும் எழுதிவைக்க வேண்டும்.
(ஆ) செய்த வேலையையும் விளைந்த பலனையும் தனித்தனியே கணக்கெழுத வேண்டும்.
(இ) உதவி கேட்பவனிடம் மாத்திரமன்றி, கேடு மிகுந்த இடத்திற்கும் தேடிச் செல்ல வேண்டும்.
(ஈ) சோதிக்கும் இடத்தை வேலை செய்தவன் தேர்ந்தெடுக்கலாகாது. சோதிப்பவனும் வேறொருவனாய் இருத்தல் வேண்டும்.
(உ) குறை கண்டால் அதை வெளியிட்டு, அடுத்த ஆண்டு வேலையை அதற்கேற்ப மாற்ற வேண்டும். மாற்றம் விளைவிக்காத சோதனை வீண் செலவேயாகும்.

வாசகசாலைகளில் கேட்பதற்குரிய வினாக்கள்

1. கூன் கிரீக்கின் வாயில் மாத்திரம் மண்ணை அளந்திருந்தால் என்ன தவறான முடிவு ஏற்பட்டிருக்கும்?
2. ஆண்டுக்கு ஏக்கருக்கு 5 டன் மண் போவது குடியானவன் கண்ணுக்குப் புலப்படாதது ஏன்?
3. நேர்மையுள்ள ஊழியர்கள் இருந்தும் உதவி தவறான இடத்தைச் சேர்ந்தது எவ்வாறு?
4. உங்கள் கிராமத்தில் சென்ற ஆண்டு நடந்த பொது வேலை ஒன்றை எடுத்துக்கொள்க. அதன் வேலைக் கணக்கு யாது? பலன் கணக்கை யார், எவ்விடத்தில், எப்பொழுது அளக்க வேண்டும்?