நாயின் வாயில் கை வைக்கும் முன்...



"நாய்க்குப் பல்லு விளக்கணுமா? நம்ம பிள்ளைங்களுக்கே காலையில நேரம் பத்தலையே!" என்று நீங்கள் சிரிக்கலாம். ஆனால் ஆட்டுப்பட்டியைக் காக்கும் நாயும், நெல்லை எலியிடமிருந்து காக்கும் பூனையும் நம் வீட்டு உழைப்பாளிகள்தான். அவற்றின் வாயைக் கவனிப்பதில் நம் பிள்ளைகளின் பாதுகாப்பும் இருக்கிறது.

பற்கள் எத்தனை?

நாய்க்குட்டிக்குப் பால் பற்கள் 28. வளர்ந்த நாய்க்கு 42. பூனைக்குட்டிக்கு 26, வளர்ந்த பூனைக்கு 30. ஆறேழு மாதத்துக்குள் பால் பல் விழுந்து புதுப்பல் முளைக்கும். அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

பல் நோய் எப்படி வருகிறது?

பல்லில் படியும் ஊத்தையைத் துடைக்காமல் விட்டால் சில நாளிலேயே கெட்டியாகும். உப்புத்தண்ணீர்க் குடத்தில் காரை படியுமே, அது மாதிரி. பிறகு ஈறு வீங்கி, ரத்தம் கசிந்து, பல் ஆடத் தொடங்கும். வாய் நாற்றம், ஒரு பக்கமாக மெல்லுதல், வாயில் எடுத்த சோற்றைக் கீழே போடுதல் ஆகியவை அறிகுறிகள்.

என்ன செய்யலாம்?

1. குட்டியாக இருக்கும்போதே உதட்டைத் தூக்கிப் பார்த்துப் பழக்குங்கள்.
2. சுத்தமான ஈரத்துணியை விரலில் சுற்றி, பல்லின் வெளிப்பக்கத்தைத் தினமும் துடையுங்கள். முடியாதவர்கள் வாரம் மூன்று நாளாவது செய்யுங்கள்.
3. நாம் விளக்கும் பற்பசை வேண்டாம். அதை அவை விழுங்கிவிடும். சில பற்பசைகளில் உள்ள சைலிட்டால் என்ற இனிப்பு நாய்க்கு விஷம்.
4. வேகவைத்த கோழி எலும்பு கூராக உடைந்து வாயிலும் தொண்டையிலும் குத்தும். போடாதீர்கள்.
5. வலிக்கிறதென்று பாராசிட்டமால் மாத்திரை கொடுக்காதீர்கள். பூனைக்கு அது உயிரையே எடுத்துவிடும்.
6. கெட்டியான காரையையும் ஆடும் பல்லையும் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.

இதை மறக்கவே கூடாது

நன்றாக இருந்த நாய் திடீரென்று எச்சில் வடிக்கிறது, சாப்பிட மறுக்கிறது, தாடை தொங்குகிறது, குரல் மாறுகிறது. "எலும்பு சிக்கியிருக்கும், எடுத்துவிடலாம்" என்று வாயில் கையை விடாதீர்கள்! அது வெறிநோயாக இருக்கலாம். வெறிபிடித்த நாய் எல்லாமே பாய்ந்து கடிக்காது. சில நாய்கள் சோர்ந்து மூலையில் படுத்திருக்கும். ஆனால் அதன் எச்சிலில் நோய்க்கிருமி இருக்கும். பிள்ளைகளைத் தள்ளி நிறுத்திவிட்டு, கால்நடை மருத்துவமனைக்குத் தகவல் சொல்லுங்கள்.

கடித்தாலோ, நகத்தால் கீறினாலோ, நம் புண்ணிலோ கண்ணிலோ வாயிலோ எச்சில் பட்டாலோ, உடனே ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவுங்கள். காயத்துக்குச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி எதுவும் வைக்காதீர்கள். அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். "சின்னக் கீறல்தானே" என்று இருந்துவிடாதீர்கள். நோய் வந்த பிறகு காப்பாற்றுவது கிட்டத்தட்ட முடியாத காரியம். வருமுன் தடுக்க ஊசி இருக்கிறது. எல்லாத் தவணையையும் தவறாமல் போட்டு முடியுங்கள்.

நாய்க்கும் பூனைக்கும் மூன்று மாதத்தில் வெறிநோய்த் தடுப்பூசி போட வேண்டும். பிறகு மருத்துவர் சொல்லும் தேதியில் தொடர்ந்து போட வேண்டும்.

குழுக் கூட்டத்தில் பேசுங்கள்

* நம் உறுப்பினர் வீடுகளில் எத்தனை நாய், பூனை இருக்கின்றன?
* எத்தனைக்குத் தடுப்பூசி போட்டாயிற்று?
* நம் ஊரில் தடுப்பூசி முகாம் நடத்தக் கேட்டு, கால்நடை மருத்துவரிடம் யார் மனு கொடுப்பது?

பேசியதைத் தீர்மான நோட்டில் எழுதி, கையெழுத்துப் போடுங்கள். படிக்கத் தெரியாத சகோதரிகளுக்கு இந்தப் பாடத்தை வாசித்துக் காட்டுங்கள்.