வானமே வழியான ஊர்கள்

ரஷ்யாவின் வடகிழக்கே யாக்கூத்தியா என்னும் குடியரசு உள்ளது. பரப்பில் ஏறக்குறைய நம் இந்தியாவுக்கு ஈடு. மக்களோ சுமார் 10 லட்சம் பேரே. தலைநகர் யாக்கூட்ஸ்க். அங்கிருந்து போலார் ஏர்லைன்ஸ் என்னும் நிறுவனம் தொலைதூர ஊர்களுக்குச் சிறு விமானங்களை இயக்குகிறது.

ஆர்க்டிக் கடலோரத்து டிக்சி, இண்டிகிர்கா நதிக்கரைச் சோக்குர்தாக், பத்தகாய் முதலியன அவ்வூர்கள். பத்தகாய்க்கு அருகிலுள்ள வெர்கோயான்ஸ்க்கில் 1892-இல் குளிர் உறைநிலைக்குக் கீழ் 67.8 டிகிரியை எட்டியது.

அங்குச் சாலைகள் ஏன் இல்லை? நிலத்தடி மண் ஆண்டு முழுதும் உறைந்திருக்கிறது. கோடையில் மேல்மண் மட்டும் இளகிச் சேறாகிறது. ஆகவே சாலை நிலைப்பது அரிது. குளிர்காலத்தில் உறைந்த நதிகளின் மேல் லாரிகள் ஓடும். கோடையில் படகுகள் செல்லும். பனிக்கட்டி உடையும் வசந்தத்திலும், நீர் உறையத் தொடங்கும் இலையுதிர் காலத்திலும் இரண்டுமே இயலா. அப்போது நோயாளியை மருத்துவமனைக்குக் கொண்டு செல்லவும், மருந்தும் கடிதமும் வந்து சேரவும் வானம் ஒன்றே வழி. மூடுபனி சூழ்ந்தால் அவ்வழியும் அடைபடும்.

மாணவியரே, நிலப்படத்தில் சிறு புள்ளியாய்த் தெரியும் ஊரிலும், விமான ஓசைக்காகச் செவிசாய்த்துக் காத்திருக்கும் தாய் ஒருத்தி இருப்பாள். நிலப்படம் பயிலும்போது அவளையும் நினைப்போம்.