வெள்ளிச் சந்தையில் வெண்பொன்

சென்னைக் கடற்கரையிலிருந்து தாம்பரம் செல்லும் மின்சார இரயில் பாதை 1931ஆம் ஆண்டு தொடங்கப்பெற்றது. அப்பாதையில் பரங்கிமலை, மீனம்பாக்கம், திரிசூலம் முதலிய நிலையங்களைக் கடந்தால் பல்லாவரம் என்னும் ஊரை அடையலாம். பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மன் காலத்துக் குடைவரை ஒன்றினைத் தன்பாற் கொண்ட பழம்பெரும் ஊர் இஃது. பல்லாவரம் நகராட்சி 2021ஆம் ஆண்டில் தாம்பரம் மாநகராட்சியின் ஒரு பகுதியாயிற்று.

இவ்வூருக்கு மற்றொரு பெருமையும் உண்டு. 1863ஆம் ஆண்டு மே திங்கள் 30ஆம் நாள், இந்திய நிலவியல் ஆய்வுத்துறையைச் சேர்ந்த இராபர்ட் புரூசு பூட் என்னும் அறிஞர் இங்குள்ள சரளைக்கற் குழியொன்றில் ஒரு கல்லைக் கண்டெடுத்தார். பிறர் கண்ணுக்கு அது வெறுங்கல்லே. ஆயினும், அதன் விளிம்பைக் கூர்ந்து நோக்கிய அவர், அது பழைய கற்கால மனிதன் செதுக்கிய கருவி என உணர்ந்தார். இந்தியாவின் தொன்மையை உலகிற்கு உணர்த்திய கண்டுபிடிப்பு அது. காணும் கண் எல்லார்க்கும் உண்டு. கண்டதனைத் தேறும் அறிவு பயிற்சியால் வருவதாகும்.

அத்தகைய பயிற்சிக்கு ஏற்ற இடம் ஒன்று இன்றும் பல்லாவரத்தில் உண்டு. அதுவே வெள்ளிக்கிழமைதோறும் பழைய டிரங்கு சாலையில் கூடும் வாரச்சந்தையாகும். செடிகள், மரச்சாமான்கள், பழைய கடிகாரங்கள், விசிறிகள், நாணயங்கள், பாத்திரங்கள் எனப் பலவும் சாலையின் இரு மருங்கிலும் பரப்பப்பட்டிருக்கும். ஒருவர் வீட்டில் வேண்டாப் பொருளாய்க் கிடந்தது, இங்கு மற்றொருவர்க்கு வேண்டும் பொருளாகின்றது. அக்குவியலுள் சிற்சில வேளைகளில் உண்மையான வெள்ளியும் கலந்திருத்தல் கூடும். அதனை இனங்காணுதல் எங்ஙனம்? ஓர் எடுத்துக்காட்டால் இதனை அறிவோம்.

ஒரு வெள்ளிக்கிழமை காலையில், குரோம்பேட்டையிலிருந்து மூதாட்டி ஒருவர் தம் வீட்டுப் பரணில் கிடந்த பழம் பாத்திரங்களைப் பையிலிட்டு இச்சந்தைக்குக் கொணர்ந்தார் எனக் கொள்வோம். பேத்தியின் கல்லூரிக் கட்டணத்திற்குப் பணம் குறைந்தமையால் அவற்றை விற்க வந்தார் அவர். பித்தளைச் சொம்புகள் இரண்டு, குத்துவிளக்கு ஒன்று. அவற்றுடன் கரிபடிந்தாற்போன்ற சிறிய சந்தனக் கிண்ணம் ஒன்று. பாத்திர வணிகர் கிண்ணத்தைக் கையிலெடுத்துப் பார்த்து, “இது ஜெர்மன் சில்வர் போலும், பாட்டி, பித்தளையோடு சேர்த்தே நிறுத்துக்கொள்கிறேன்” என்றார். அருகில் நின்ற பள்ளி மாணவன் ஒருவன், “ஐயா, நிறுக்கும் முன் இதனைச் சற்றே சோதித்துப் பார்க்கலாமா?” என வினவினான். வணிகரும் நல்லவர், “பார்ப்போம், தம்பி” என்று இசைந்தார்.

சோதனையைக் காணுமுன் வெள்ளியின் இயல்பை அறிதல் வேண்டும். பொன்னுக்கு அடுத்தபடியாக நம் முன்னோரால் மதிக்கப்பெற்ற உலோகம் வெள்ளி. இதனை வெண்பொன் என்றும் வழங்கினர். தஞ்சைப் பெரிய கோயிலுக்கு இராசராசசோழன் அளித்த பொன், வெள்ளிப் பாத்திரங்கள் அவற்றின் நிறையுடன் கல்வெட்டுகளில் குறிக்கப்பெற்றுள்ளன. பொருளைக் கொடுத்தால் மட்டும் போதாது, அதன் நிறையையும் உலகறியப் பொறித்தல் வேண்டும் என்பது அக்காலத்து நேர்மை.

தூய வெள்ளி மிகவும் மென்மையானது. ஆதலின், பாத்திரமும் அணியும் செய்வோர் அதனுடன் சிறிது செம்பைக் கலந்து உறுதியாக்குவர். ஆயிரம் பங்கில் 925 பங்கு வெள்ளியாயின் அதனை ‘ஸ்டெர்லிங்’ வெள்ளி என்பர். இதற்கு மாறாக, ஜெர்மன் சில்வர் என்னும் பெயருடையதில் வெள்ளி சிறிதும் இல்லை. செம்பு, துத்தநாகம், நிக்கல் ஆகிய மூன்றன் கலவையே அது; நிறத்தால் வெள்ளியை ஒத்திருத்தலின் அப்பெயர் பெற்றது. இக்கலவையின்மீது மின்முறையால் மெல்லிய வெள்ளிப் பூச்சிட்ட பாத்திரங்களும் உள. அவற்றின் அடியில் ‘ஈ.பி.என்.எஸ்.’ என்னும் ஆங்கில எழுத்துகள் பொறிக்கப்பட்டிருத்தல் உண்டு. அவ்வெழுத்துகளைக் கண்டால், அது பூச்சே அன்றி முழு வெள்ளி அன்று எனத் தெளியலாம்.

இனிச் சோதனைகளை முறையே காண்போம். முதலாவது, கண்ணால் நோக்குதல். காற்றில் கலந்துள்ள கந்தகச் சேர்மங்கள் வெள்ளியின்மேற் படிந்து அதனைக் கருக்கச் செய்யும். ஆகவே, கறுத்திருத்தல் வெள்ளிக்குக் குற்றம் அன்று. பச்சைக் களிம்பு மிகுந்து காணப்படின் அப்பொருளில் செம்பு மிகுதி என ஐயுறலாம். அன்றியும், விளிம்பு, அடி, கைப்பிடி ஆகியன நாள்தோறும் தேய்வன. அவ்விடங்களில் மஞ்சள் நிறமோ செந்நிறமோ வெளிப்படின், மேலே இருப்பது பூச்சு என்பது புலனாகும். மாணவன் கிண்ணத்தின் விளிம்பைத் துணியால் துடைத்துப் பார்த்தான். தேய்ந்த இடத்திலும் வெண்மையே தோன்றிற்று.

இரண்டாவது, காந்தச் சோதனை. இரும்பும் நிக்கலும் காந்தத்தால் ஈர்க்கப்படும், வெள்ளி ஈர்க்கப்படாது. ஆனால் செம்பு, பித்தளை, ஈயம் ஆகியனவும் ஈர்க்கப்படுவதில்லை. ஆதலின், காந்தம் ஒட்டினால் “இது வெள்ளி அன்று” எனத் துணியலாமே அன்றி, ஒட்டாமையால் “இது வெள்ளியே” எனத் துணிதல் கூடாது. மூன்றாவது, ஓசை. நல்ல வெள்ளியை மெல்லத் தட்டினால் தெளிந்த ஒலி எழுந்து சற்றே நீடிக்கும். ஈயம் மழுங்கிய ஒலி தரும். நான்காவது, வெப்பம். உலோகங்களுள் வெப்பத்தை மிக விரைவாகக் கடத்துவது வெள்ளியே. பனிக்கட்டியை அதன்மேல் வைத்தால் விரைந்து உருகும். எனினும், செம்பும் ஏறத்தாழ அவ்வாறே கடத்துதலின் இதுவும் முடிந்த முடிபு ஆகாது.

இவற்றினும் உறுதியானது ஐந்தாவதாகிய நீர்ச் சோதனை. சிராக்கூசு நகரத்து அரசனின் பொன்முடியில் கலப்பு உண்டா என்பதை ஆர்க்கிமிடீசு நீரால் ஆராய்ந்த வரலாற்றை மாணவர் அறிவர். ஒரு கன சென்டிமீட்டர் நீரின் நிறை 1 கிராம். அதே அளவுள்ள தூய வெள்ளியின் நிறை ஏறத்தாழ 10.5 கிராம், செம்பு 9 கிராம், ஜெர்மன் சில்வர் 8.7 கிராம், பித்தளை 8.5 கிராம்; ஈயம் 11.3 கிராம். இவ்வெண்களே உலோகங்களின் உண்மையை உரைக்கும் சான்றுகள்.

மாணவன் கிண்ணத்தை வணிகரின் மின்னணுத் தராசில் நிறுத்தான். 104 கிராம் இருந்தது. பின்னர், நீர் கொண்ட குவளையைத் தராசில் வைத்து, அதன் நிறையைக் குறித்துக்கொண்டான். கிண்ணத்தை நூலிற் கட்டி, குவளையின் அடியிலும் பக்கத்திலும் படாமல் நீருள் முழுகும்படி தொங்கவிட்டான். ஒட்டியிருந்த காற்றுக் குமிழிகளையும் அகற்றினான். தராசு முன்னைவிட 10 கிராம் மிகுத்துக் காட்டிற்று. அதுவே கிண்ணம் ஒதுக்கிய நீரின் நிறை. 104ஐ 10ஆல் வகுத்தால் 10.4 ஆகும். ஜெர்மன் சில்வராயின் தராசு ஏறத்தாழ 12 கிராம் மிகுத்துக் காட்டியிருக்கும். வணிகர் வியப்புற்று, “தம்பி, இது வெள்ளியாகவே இருக்கலாம்” என்றார்.

இச்சோதனைக்கும் எல்லை உண்டு. சில விளக்குகளும் சிலைகளும் மேலே மெல்லிய தகடாகவும் உள்ளே அரக்கு நிரப்பப்பட்டும் இருக்கும். அவற்றுக்கு இக்கணக்குப் பொருந்தாது. ஈயத்தையும் வேறு உலோகத்தையும் தக்கவாறு கூட்டி, வெள்ளியின் எண்ணையே காட்டும்படி ஏமாற்றுதலும் இயலும். ஆகையால், ஒரு சோதனையை மட்டும் நம்பாது, பலவும் ஒருமுகமாய்க் காட்டும் முடிபையே கொள்ளுதல் அறிவுடைமை.

நாணயங்களைச் சோதிப்பதற்கும் இம்முறை பயன்படும். 1835ஆம் ஆண்டு முதல் ஆங்கிலேயர் வெளியிட்ட ஒரு ரூபாய் நாணயத்தில் 12 பங்கில் 11 பங்கு வெள்ளி இருந்தது. அதன் நிறை 11.66 கிராம், அதாவது ஒரு தோலா. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில், 1940ஆம் ஆண்டில், வெள்ளியின் அளவு பாதியாகக் குறைக்கப்பெற்றது. 1947ஆம் ஆண்டு நாணயத்திலோ வெள்ளியே இல்லை. அது நிக்கலால் ஆயது. ஆகவே, 1947ஆம் ஆண்டு ரூபாயைக் காந்தம் ஈர்க்கும். அதற்கு முந்திய வெள்ளி ரூபாயை ஈர்க்காது. நாணயத்தின் ஆண்டைப் படிக்கத் தெரிந்தவன் சந்தையில் எளிதில் ஏமாறான்.

பழைய பாத்திரங்களிலும் படித்தற்குரிய செய்திகள் உள. 19ஆம் நூற்றாண்டில் சென்னையில் தெய்வ உருவங்கள் புடைப்பாக அமைந்த வெள்ளிப் பாத்திரங்கள் செய்யப்பெற்றன. ‘சுவாமி’ வேலைப்பாடு எனப் பெயர்பெற்ற அவற்றைப் பி. ஆர் அண்டு சன்ஸ் போன்ற நிறுவனங்கள் விற்றன. இங்கிலாந்தில் செய்த வெள்ளிப் பொருள்களில் நடக்கும் சிங்கத்தின் உருவம் முத்திரையாக இருக்கும். நம் நாட்டில் வெள்ளிக்குத் தர முத்திரையிடும் முறை 2005ஆம் ஆண்டு தொடங்கிற்று. இதனை நடத்தும் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் அலுவலகம் தென்சென்னைத் தரமணியில் உள்ளது. 800, 835, 925, 970, 990 முதலிய எண்கள் ஆயிரத்தில் எத்துணைப் பங்கு வெள்ளி என்பதைக் காட்டும். 2025ஆம் ஆண்டு செப்டம்பர் 1ஆம் நாள் முதல், ஆறு எழுத்தெண்கள் கொண்ட தனி அடையாளக் குறியும் விருப்ப முறையில் வெள்ளிக்கு வழங்கப்பெறலாயிற்று. ஆயினும், பரணில் கிடந்த பழம்பொருளில் இம்முத்திரைகள் இராமை இயல்பே. முத்திரை இன்மையால் அது போலி என இகழ்தலும் தவறு.

மூதாட்டியின் கிண்ணத்திலும் முத்திரை இல்லை. ஆனால், மாணவன் அதன் அடியில் சிறிது திருநீறிட்டுத் துடைத்தபோது, கருமையினூடே புள்ளி புள்ளியாய் எழுத்துகள் தோன்றின. பாத்திரத்தில் பெயர் வெட்டுதல் நம் இல்லங்களின் வழக்கம் அன்றோ! அப்பெயரைப் படித்த மூதாட்டியின் கண்கள் நீர் மல்கின. “இஃது என் மாமியாரின் பெயர், அவர் திருமணத்தில் பிறந்தகத்தார் தந்த சீராக இருக்க வேண்டும்” என்றார். பெயர் வெட்டிய பொருள் உரியவரைத் தானே காட்டிக்கொடுக்கும். களவுப் பொருள் எனத் தெரிந்தும் வாங்குதல் சட்டப்படி குற்றம். ஆதலின், பழம்பொருள் வாங்குவோர் உலோகத்தின் தரத்தோடு அது வந்த வழியையும் கேட்டறிதல் கடமையாகும்.

முடிவாக அவர்கள் மூவரும் பொற்கொல்லர் ஒருவரிடம் சென்றனர். அவர் கிண்ணத்தின் அடியை உரைகல்லில் இழைத்தார். தரம் தெரிந்த வெள்ளியையும் அதனருகே இழைத்தார். இரு கோடுகளின்மீதும் அமிலத்தைத் துளியாக இட்டு, அவை மாறும் நிறத்தை ஒப்பிட்டு, “நல்ல வெள்ளிதான், அம்மா” என்றார். இவ்வமிலம் தோலையும் கண்ணையும் கெடுக்க வல்லது. பழகிய தொழிலாளரே இதனைக் கையாளுதல் வேண்டும். மாணவர் இதனைத் தாமாக முயலுதல் ஆகாது.

மூதாட்டி தயங்கினார். பித்தளை விலைக்குப் போகவிருந்த கிண்ணம், இப்போது பன்மடங்கு விலை பெறும். பேத்தியின் கட்டணமும் தீரும். ஆனால், அப்பெயரை எங்ஙனம் விற்பது? வணிகர் அவர் நிலையை உணர்ந்து, “பாட்டி, கிண்ணத்தை வீட்டிற்கு எடுத்துச் செல்லுங்கள். பேத்தியோடு கலந்து முடிவு செய்யுங்கள். விற்பதாயின் இரண்டு மூன்று கடைகளில் அன்றைய வெள்ளி விலையைக் கேட்டபின் விற்றுவிடுங்கள். பித்தளையை மட்டும் நான் எடுத்துக்கொள்கிறேன்” என்றார். அறியாமல் மிகக் குறைந்த விலைக்கு வந்த பொருளை, அறிந்தபின் அவ்விலைக்கே கொள்ள அவர் மனம் இசையவில்லை. அன்று அவர் இழந்தது ஒரு நாளின் ஊதியம். பெற்றதோ என்றும் தேயாத நம்பிக்கை.

வெள்ளியைக் காந்தமும் நீரும் உரைகல்லும் சோதிக்கின்றன. மனிதரின் உயர்வு தாழ்வுகளை அறிதற்கு அவரவர் செயலையே உரைகல்லாகக் காட்டினார் வள்ளுவர். பொருளின் உண்மையை அறியும் அறிவும், அறிந்த உண்மையை மறையாது உரைக்கும் நேர்மையும் ஒருங்கே அமைதல் வேண்டும். அறிவு மட்டும் இருப்பின் அஃது எளியோரை ஏமாற்றும் கருவியாகலாம். நேர்மையும் அதனோடு கூடின், அஃது அவர்க்குத் துணையாகும்.