துடிக்கும்போதே எடுத்த ஈசிஜி

தண்ணீர்க் குடத்தை இறக்கிவிட்டு நிமிர்வேன், சுவிட்ச் போட்ட மாதிரி நெஞ்சு ஓட ஆரம்பிக்கும். கழுத்து நரம்பு தெறிக்கும். சுவரைப் பிடித்துக்கொண்டு பெங்களூர் ஒக்கலிபுரம் வீட்டு வாசற்படியிலேயே உட்கார்ந்துவிடுவேன். இருபது நிமிடம், சில நாள் ஒரு மணி நேரம். பிறகு டக்கென்று நின்றுவிடும்.

ஏழு வருடம் இப்படிப் போனது. டாக்டரிடம் போய்ச் சேருவதற்குள் எல்லாம் அடங்கியிருக்கும். ஈசிஜி நார்மல். "டென்ஷனைக் குறைங்கம்மா" என்று தூக்க மாத்திரை எழுதிக் கொடுத்தார் ஒருவர். வீட்டிலும் எனக்குப் 'பயந்த சுபாவம்' என்று பெயர் வந்தது. நானும் அதை நம்பினேன்; இன்றைக்கும் எனக்கு ஆறாதது அதுதான். பயத்தில் வரும் படபடப்பு மெல்ல ஏறி மெல்ல இறங்கும். டக்கென்று தொடங்கி டக்கென்று நின்றால், இதயத்தின் மின்னோட்டத்தில் கோளாறு இருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும்.

ஒரு விடிகாலை அது நிற்கவே இல்லை. ஸ்ரீராமபுரம் பக்கம் ஒரு சின்ன நர்சிங் ஹோமுக்கு ஓடினோம். "ஊசி அப்புறம், முதல்ல ஈசிஜி எடுங்க" என்றார் என் கணவர். துடிப்பு நிமிடத்துக்கு 190. பிறகு அடினோசின் ஊசி போட்டார்கள். நெஞ்சின் மேல் அம்மிக்கல்லை வைத்தது போல இருந்தது, உயிர் போகிறது என்றே நினைத்தேன். "ஏனூ ஆகல்ல அம்மா" (ஒன்றும் ஆகாதம்மா) என்று கன்னடத்தில் சொல்லி நர்ஸ் கையைப் பிடித்துக்கொண்டார். சில விநாடிதான். அந்த மருந்து ரத்தத்தில் அவ்வளவு நேரம்தான் நிற்கும். இதை முன்பே தெரிந்துகொண்டு போனால் பாதிப் பயம் குறையும்.

அந்த ஈசிஜி தாளைப் பார்த்ததுமே இதய மின்னியல் டாக்டர் சொல்லிவிட்டார்: ஏவிஎன்ஆர்டி. இதயத்தின் மேலறைக்கும் கீழறைக்கும் நடுவே மின்சாரம் இறங்கும் முடிச்சில் எனக்கு வேகப் பாதை, மெதுப் பாதை என்று இரண்டு. மின்சாரம் கீழே இறங்கியதோடு நிற்காமல் அந்த இரண்டிலும் சுற்றிச் சுற்றி வருகிறது. பெரும்பாலும் உயிருக்கு ஆபத்தில்லை. ஆனால் மயக்கமோ நெஞ்சுவலியோ சேர்ந்து வந்தால் வீட்டில் காத்திருக்கக் கூடாது.

படபடப்பை நிறுத்த அவர் சொல்லிக்கொடுத்த ஒரு முறை: சாய்ந்து உட்கார்ந்து, 10 மில்லி சிரிஞ்சின் வாயில் அதன் தண்டு நகரும் அளவுக்கு 15 விநாடி ஊத வேண்டும். உடனே மல்லாந்து படுக்க, கூட இருப்பவர் காலைத் தூக்கி 15 விநாடி பிடிக்க வேண்டும். 2015-இல் இங்கிலாந்தில் நடந்த ஆய்வில் இப்படிச் செய்தவர்களில் 43 சதவீதம் பேருக்கு நின்றது. காலைத் தூக்காமல் ஊதியவர்களில் 17 சதவீதம் பேருக்குத்தான். எனக்கு நான்கில் ஒரு தடவை நின்றது.

படபடப்புக்குக் கொடுத்த மாத்திரை ஒத்துக்கொள்ளாததால் அப்லேஷன், அதாவது கோளாறு செய்யும் பாதையைச் சுட்டுவிடும் சிகிச்சை. தொடை மடிப்பில் மரத்துப்போகும் ஊசி, அங்குள்ள ரத்தக் குழாய் வழியாக மெல்லிய கம்பிகள். வலியை விடக் கஷ்டம், அந்தப் படபடப்பை அவர்களே வரவழைப்பது. வந்தால்தான் சுடவேண்டிய இடம் தெரியும் என்பதால் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தேன். மெதுப் பாதையைச் சுட்டார்கள். நெஞ்சுக்குள் லேசான சூடு. மறுபடி வரவழைத்துப் பார்த்தார்கள், வரவில்லை. எனக்குக் கண்ணீர் காதுவரை வழிந்தது. நூற்றில் 95 பேருக்கு மேல் இதிலேயே குணமாகிறார்கள். சுமார் நூற்றில் ஒருவருக்கு நல்ல பாதையும் அடிபட்டு பேஸ்மேக்கர் தேவைப்படலாம். கையெழுத்துப் போடும் முன் இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

அதன்பின் காலை மடக்காமல் ஆறு மணி நேரம். இருமல் வந்தால் தொடையை அழுத்திப் பிடிக்க வேண்டும். ஒரு வாரம் குடம் தூக்கவில்லை. சில வாரங்கள் நெஞ்சு ஒரு துடிப்பைத் தவறவிட்டு அடிக்கும். திரும்பி வந்துவிட்டதோ என்று ராத்திரி எழுந்து உட்காருவேன். அது வழக்கம்தானாம், தானாகவே குறைந்தது.

எங்கள் பக்கத்தில் பலர் அரசு ஜெயதேவா இதய மருத்துவமனைக்குப் போகிறார்கள். 2025 ஆகஸ்டில் மஞ்சள் பாதை மெட்ரோ திறந்த பிறகு, ஸ்ரீராமபுரத்தில் ஏறி ஆர்.வி. ரோட்டில் மாறினால் அந்தப் பெயரிலேயே ஸ்டேஷன். அங்கே போகையில், துடிக்கும்போதே எடுத்த ஈசிஜி கையில் இருக்கட்டும். அந்தத் தாளில் கோடு நாளாக ஆக மங்கிவிடும். என்னுடையது இப்போதே வெளுத்துவிட்டது. வாங்கிய அன்றே ஜெராக்ஸ் எடுங்கள், போனிலும் ஒரு படம்.