மறியலுக்குப் போன ஊர்த்தலைவர்கள்

கனடா என்றால் பணக்கார நாடு, சட்டம் ஒழுங்கா நடக்கிற நாடு என்றுதான் நாம் எல்லோரும் கேள்விப்பட்டிருக்கிறோம். அந்த நாட்டிலேதான் 2008 மார்ச் 17ஆம் திகதி ஓர் ஊர்த்தலைவரையும் அவரோடு சேர்ந்த ஐந்து பேரையும் ஆறு மாத மறியலுக்கு அனுப்பினார்கள். களவெடுத்தார்களா? இல்லை. யாரையாவது அடித்தார்களா? அதுவும் இல்லை. எங்கள் காணியில் சுரங்கக் கம்பனி துளை போடக்கூடாது என்று சொன்னார்கள், சொன்ன சொல்லில் நின்றார்கள். அவர்களுடைய கதையையும், அவர்களுக்காக வெளியில் நின்றவர்களுடைய கதையையும் இந்த இதழில் சேர்ந்து படிப்போம்.

நம்மவர்கள் நிறையப் பேர் குடியேறியிருக்கும் டொரண்டோ நகரம், ஒன்டாரியோ என்ற மாகாணத்தின் தலைநகரம். அதே மாகாணத்தின் வட கோடியில், தண்டர் பே நகரத்திலிருந்து இன்னும் 600 கிலோமீற்றர் வடக்கே, ஒரு பெரிய ஏரிக்கரையில் இருக்கிறது இந்த ஆதிக்குடிகளின் ஊர். கிச்செனுமேகூசிப் இனினுவக் என்று பெயர். நம்ம வாயில் லேசில் நுழையாது. அந்த நாட்டிலேயே 'கே.ஐ.' என்று சுருக்கித்தான் சொல்கிறார்கள், நாமும் அப்படியே சொல்வோம். விமானத்தில்தான் போகவேண்டும், குளிர்காலத்தில் ஏரிகள் உறைந்த பிறகு பனிமேல் பாதை போட்டால் லொறி போகும். மீன்பிடியும் வேட்டையும் அந்தச் சனங்களுக்குச் சோறு.

இவர்களுடைய முன்னோர் 1929இல் அரசாங்கத்தோடு ஓர் ஒப்பந்தத்தில் சேர்ந்தார்கள். வேட்டையாடலாம், மீன் பிடிக்கலாம் என்று அதில் எழுதியிருக்கிறது. கூடவே, சுரங்கம் முதலியவற்றுக்கு அரசாங்கம் எடுத்துக்கொள்ளும் நிலம் இதில் அடங்காது என்றும் எழுதியிருக்கிறது. அந்தப் பின்வரிதான் வில்லங்கம். அதோடு ஒன்டாரியோவின் பழைய சுரங்கச் சட்டமும் சேர்ந்துகொண்டது. அனுமதிப்பத்திரம் வைத்திருக்கிற எவரும் போய் முளை அடித்து, நிலத்துக்குக் கீழே இருப்பதற்கு உரிமை கேட்கலாம். மேலே வாழ்கிறவனைக் கேட்கத் தேவையில்லை. ஆனால் ஆதிக்குடிகளின் உரிமையைப் பாதிக்கும் காரியம் என்றால் அரசாங்கம் முன்கூட்டியே அவர்களோடு கலந்து பேசவேண்டும் என்று கனடாவின் உயர்ந்த நீதிமன்றம் 2004இல் தீர்ப்புச் சொல்லியிருந்தது. கே.ஐ. மக்கள் கேட்டது அதைத்தான்.

2006இல் பிளட்டினெக்ஸ் என்ற கம்பனி பிளட்டினம் தேடித் துளை போட வந்தது. ஊர்ச்சனம் போய் மறித்தது. கம்பனி திரும்பிப் போய் 1,000 கோடி டொலர் நட்டஈடு கேட்டு வழக்குப் போட்டது. சுமார் ஆயிரம் பேர் உள்ள ஊரிடம் இவ்வளவு தொகை! முதலில் நீதிமன்றம் ஊரின் பக்கம் நின்று கம்பனிக்குத் தற்காலிகத் தடை போட்டது. 2007இல் அதே வழக்கு திரும்பியது. கம்பனி வேலையைத் தொடங்கலாம், ஊரார் குறுக்கே நிற்கக்கூடாது என்று உத்தரவு வந்தது. சட்டத்தரணிகளுக்குக் கொடுத்துக் கொடுத்து ஊரின் கை வறண்டு போயிருந்த நேரம். தலைவர் டொனி மொரிஸும் சபையாரும், அந்த உத்தரவுக்குக் கட்டுப்பட மாட்டோம் என்று வெளிப்படையாகவே சொல்லிவிட்டார்கள்.

நீதிமன்ற அவமதிப்பு என்பது இதுதான். உத்தரவு சரியா பிழையா என்பது வேறு கதை. அதை மேன்முறையீட்டில் பேசலாம். மீறினால் மீறியதற்கே தண்டனை. மறியலுக்குப் போன ஆறு பேரில் செசிலியா பெக் என்ற ஒரு பெண்ணும் இருந்தார். ஒரு சபையை முழுசாகத் தூக்கி உள்ளே வைத்துவிட்டால் ஊர் வேலையை யார் பார்ப்பது என்பது உத்தரவில் எழுதியிருக்காது.

இவர்களுக்கு ஒரு மாதம் முன்பே, 2008 பெப்ரவரி 15இல், அதே மாகாணத்தின் தெற்கில் பொப் லவ்லேஸ் என்பவரும் ஆறு மாதத் தண்டனையோடு மறியலுக்குப் போயிருந்தார். ஆர்டொக் அல்கொன்குவின் என்ற ஆதிக்குடிகளின் தலைவர்களில் ஒருவர், பல்கலைக்கழகத்தில் படிப்பித்தவர். அவருக்கு மேலதிகமாக 25,000 டொலர் தண்டப்பணம். அங்கே கம்பனி தேடியது யுரேனியம். 2007 ஜூன் முதல் ஆதிக்குடிகள் வாசலை மறித்து உட்கார்ந்தார்கள். இந்த இடத்தைக் கொஞ்சம் நின்று பார்க்கவேண்டும். அக்கம்பக்கத்து வெள்ளைக்காரக் குடும்பங்களும் அவர்களோடு வந்து உட்கார்ந்தார்கள். ஏனென்றால் தன் சொந்தக் காணிக்குள்ளேயே கம்பனி முளை அடித்திருப்பதைக் கண்ட ஆட்களும் அங்கே இருந்தார்கள். தண்ணீர் கெட்டால் எல்லா வீட்டுக் கிணறும்தானே கெடும்? ஒரு பாட்டி இரண்டு மாதத்துக்கும் மேல் சாப்பிடாமல் விரதம் இருந்தார். அவர் ஆதிக்குடி அல்ல.

தலைவர்கள் உள்ளே போனதும் இந்த ஆதரவு இன்னும் பரந்தது. திருச்சபைகள், தொழிற்சங்கங்கள், மனித உரிமை அமைப்புகள் எல்லாம் குரல் கொடுத்தன. மே 26இலிருந்து நான்கு நாள், டொரண்டோவில் மாகாணப் பாராளுமன்றத்தின் முன்னாலுள்ள புல்வெளியில் கூடாரம் போட்டு இராத்தங்கினார்கள். காட்டுமரம் வெட்டுவதை எதிர்த்து வந்த கிராஸி நெரோஸ் என்ற இன்னோர் ஊராரும் அதில் சேர்ந்துகொண்டார்கள்.

கூட்டம் கூடியதால்தான் விடுதலை வந்தது என்று நாங்கள் சொல்ல வரவில்லை. கே.ஐ. தலைவர்கள் அந்தக் கூட்டத்துக்கு முன்பே, மே 23இல், மேன்முறையீட்டை முன்னிட்டு வெளியில் வந்துவிட்டார்கள். மே 28இல் மேன்முறையீட்டு நீதிமன்றம், இருந்த நாட்களே போதும் என்று தண்டனையை முடித்தது. லவ்லேஸையும் விட்டது, தண்டப்பணத்தையும் நீக்கியது. ஜூலையில் காரணங்களை எழுதினார்கள். ஆதிக்குடிகளுக்குத் தண்டனை கொடுக்கும்போது அவர்கள் பட்ட பாட்டையும், நீதிமன்றத்திலிருந்து அவர்கள் தூரமாகிப் போன வரலாற்றையும் நீதிபதி எண்ணிப் பார்க்கவேண்டும். இப்படியான தடையுத்தரவு கொடுக்கு முன், அரசாங்கம் கலந்து பேசியதா என்றும் பார்க்கவேண்டும். இதுதான் சாரம். ஆக, விடுதலை கொடுத்தது சட்டம். ஆனால் அரசாங்கம் அசைந்ததற்கு வெளியில் நின்றவர்களுக்கும் பங்கு உண்டு என்பது எங்கள் எண்ணம்.

2009 ஆகஸ்டில் கம்பனி ஆட்கள் சிறு விமானத்தில் மறுபடி வந்தார்கள். கே.ஐ. ஆட்கள் ஏரியில் படகுகளை ஓட்டி, இறங்கவிடாமல் செய்தார்கள். மறியலைக் கண்டு பயந்த சனம் செய்கிற வேலையா இது! அந்த வருடம் டிசம்பரில் அரசாங்கம் கம்பனிக்கு 50 லட்சம் டொலர் கொடுத்து விலகவைத்தது. வரிகட்டும் சனங்களுடைய காசு அது. ஆறு பேரை உள்ளே வைக்கு முன்னமே உட்கார்ந்து பேசியிருந்தால் மிச்சமாகியிருக்கும். சுரங்கச் சட்டமும் 2009இல் திருத்தப்பட்டது. ஆதிக்குடிகளுக்கு அறிவிக்கவேண்டும், கலந்து பேசவேண்டும் என்று வந்தது. வேண்டாம் என்றால் வேண்டாம்தான் என்ற உரிமை மட்டும் வரவில்லை.

2012 மார்ச்சில் கே.ஐ. ஊரைச் சுற்றிய 23,000 சதுர கிலோமீற்றருக்கும் மேலான நிலத்தில், நம் நாட்டின் மூன்றில் ஒரு பங்குக்கும் கூடிய பரப்பில், புதிதாக எவரும் முளை அடிக்க முடியாதபடி அரசாங்கம் ஒதுக்கி வைத்தது. அதற்காக ஊராரிடம் வந்து கலந்து பேசினார்களா என்றால், அப்போதும் இல்லை, அறிவித்துவிட்டார்கள், அவ்வளவுதான்.

வாசிப்பு வட்டத்தில் பேசுவதற்கு ஒன்று: ஆர்டொக் வாசலில் வந்து உட்கார்ந்த பக்கத்துக் குடும்பங்கள், தங்கள் காணியில் முளை அடிக்கப்படாமல் இருந்திருந்தால் வந்திருப்பார்களா?